தில்லை யாத்திரையும் மக்கள் மீட்சியும்

காத்தோங்கில் சிலோன் சாலை வழியாகச் செல்வோர் செண்பக விநாயகர் கோயிலின் கோபுரத்தைக் காணாமல் போவதில்லை. 1850-களில் அவ்விடத்தில் ஒரு குளம் இருந்தது என்றும், அதன் கரையில் செண்பக மரத்தருகே விநாயகர் திருவுருவம் ஒன்று கிடைத்தது என்றும், இலங்கைத் தமிழரான எதிர்நாயகம் பிள்ளை என்பாரின் துணையால் முதற் கோயில் எழுந்தது என்றும் அக்கோயில் வரலாறு கூறுகின்றது. 1923-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் கோயிற் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

இன்று அக்கோயிலுக்குச் செல்வோருக்கு வழித்துன்பம் இல்லை. பேருந்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும். ஆயின் அதனைத் தோற்றுவித்த மக்களின் முன்னோர், தம் ஊரிற் கோயில் என்று சொல்ல ஒன்றும் எஞ்சாத ஒரு காலத்தைக் கண்டவர்கள். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தவர் சிலர் கடல் கடந்து தில்லைக்குச் சென்றனர். அதே தில்லையின் எல்லையில், உள்ளே புக இயலாமல் நின்ற வேறொருவரின் வரலாறும் நம் இலக்கியத்தில் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால், யாத்திரை மக்களை எதிலிருந்து மீட்டது, எதிலிருந்து மீட்கவில்லை என்பது தெளிவாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாத்திரையும் மீட்சியும்

முதலில் இரண்டு சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தீர்த்த யாத்திரை என்று நாம் சொல்கிறோம். தீர்த்தம் என்ற வடசொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் துறை என்பதே பழம்பொருள். துறையில் நிற்பவன் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் செல்ல விரும்புகிறவன். யாத்திரிகனும் அத்தகையவனே. நோய் நீங்க வேண்டுமென்று சிலர் சென்றனர். நேர்த்திக்கடன் தீர்க்கச் சிலர் சென்றனர். பாவத்துக்குக் கழுவாய் தேடியும், இறந்தார்க்குச் செய்யும் கடனை முடிக்கவும் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்றவர் பலர். எவராயினும், உள்ள நிலையிலிருந்து வேறொரு நிலைக்குப் போகவே புறப்பட்டனர்.

மீட்சி என்னும் சொல்லும் இத்தகையதே. அடகு வைத்த நிலத்தை மீட்கிறோம், சிறைப்பட்டவனை மீட்கிறோம். முன்பு பிறர் கையில் அகப்பட்டுவிட்ட ஒன்றைத் திரும்பப் பெறுதலே மீட்சி. ஆளையே அடகு வைத்த ஒரு சமுதாயத்தில் இச்சொல் வெறும் சமயச் சொல்லாக இருந்திருக்க முடியாது. 16-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான காலத்தை வரலாற்றாசிரியர்கள் நவீன காலத்தின் தொடக்கம் என்பர். அக்காலத் தமிழ்ச் சமுதாயம் அத்தகைய சமுதாயமே.

ஞானப்பிரகாசரின் இரவுப் பயணம்

போர்த்துக்கேயர் 1619-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். கடைசி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்குக் கொல்லப்பட்டான். 1621-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. குடாநாட்டின் பிற கோயில்களும் அவ்வாறே அழிந்தன. 1658-இல் ஒல்லாந்தர் வந்தனர். கோயில் வழிபாட்டுக்கு அவர்களும் இடந்தரவில்லை. திருமணப் பதிவும் பள்ளிப் படிப்பும் அவர்களுடைய திருச்சபையின் வழியே நடைபெற்றன. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகமும் உரிமையும் அரியவாயின. 1795-இல் ஆங்கிலேயர் வரும்வரை ஏறக்குறைய நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் இவ்விரு ஆட்சிகளும் நீடித்தன.

விரத நாட்களில் வாழையிலையில் உணவுண்டு, உண்ட இலையை அதிகாரிகள் காணாதபடி கூரையிற் செருகி மறைத்தனர் என்ற செய்தி யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றது. வெளியே ஒரு பெயர், வீட்டினுள் ஒரு பெயர்; வெளியே ஒரு வழிபாடு, உள்ளே ஒரு வழிபாடு. இத்தகைய இரட்டை வாழ்க்கையில் மனிதன் உயிரை இழப்பதில்லை. ஆனால் தன் மதிப்பைத் தானே இழந்துவிடுகிறான்.

போர்த்துக்கேயர் காலத்தில் திருநெல்வேலி என்னும் ஊரில் வாழ்ந்தவர் ஞானப்பிரகாசர். இது பாண்டிநாட்டுத் திருநெல்வேலி அன்று. யாழ்ப்பாணத்தின் நடுவே உள்ள ஊர். அதிகாரியின் உணவுக்காக வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பசு கொடுக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்ததாம். தம் வீட்டின் முறை வருவதற்கு முந்திய இரவிலேயே அவர் ஊரைவிட்டு நீங்கிக் கடல் கடந்தார் என்பது யாழ்ப்பாண மரபு. அவர் சென்று சேர்ந்த இடம் சிதம்பரம். பின்னர் வடக்கே கௌட தேசம் சென்று வடமொழி கற்றார் என்றும், திருவண்ணாமலையில் துறவு பூண்டார் என்றும் கூறுவர்.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. புறப்பட்டபோது அவர் புண்ணியம் தேடிப் போனவர் அல்லர். ஒரு கட்டளைக்குத் தப்பிப் போனவர். ஓடிப்போனவன் என்று உலகம் சொல்லத்தக்க ஒருவர், தில்லையை அடைந்ததும் யாத்திரிகர் ஆனார். பின் மாணவர் ஆனார். பின் ஆசிரியர் ஆனார். சிவஞான சித்தியாரின் சுபக்கத்துக்கு உரை கண்ட அறுவருள் இவர் ஒருவர். வடமொழியிலும் சைவ சித்தாந்த நூல்கள் செய்தார். பிற்காலத்துச் சிவஞான முனிவர் இவருடைய கொள்கையை மறுத்து எழுதினார். மறுக்கப்படுவதற்கும் தகுதி வேண்டும் என்பதை நூல் வரலாறு அறிந்தோர் அறிவர்.

தில்லையின் நிலையும் அந்நாளில் அமைதியானதாக இல்லை. படையெடுப்புகளின் அச்சத்தால் நடராசர் திருமேனியே 1648-ஆம் ஆண்டில் கோயிலைவிட்டு எடுத்துச் செல்லப்பட்டது. குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்தபின், 1686-ஆம் ஆண்டில்தான் அது தில்லைக்குத் திரும்பிற்று. இதனைத் திருவாரூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அடியாரும் ஆண்டவனும் ஒரே நூற்றாண்டில் தம் இடம் விட்டுப் பெயர்ந்தனர். யாத்திரை என்பது அமைதிக் காலத்து அலங்காரம் அன்று. இடருற்ற காலத்தில் மக்கள் கைக்கொண்ட ஒரு வழி என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஞானப்பிரகாசர் சிதம்பரத்தில் ஒரு குளம் வெட்டினார். ஞானப்பிரகாசம் குளம் என்றே அது வழங்குகின்றது. யாழ்ப்பாணத்தார் அந்நகரில் மடங்களையும் அமைத்தனர். தனியொருவர் தப்பி வந்த வழி, பின்னே வருவோர்க்குத் தங்குமிடமும் தண்ணீரும் உள்ள வழியாயிற்று. இக்குளத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

சத்திரத்தில் கிடைத்த சோறு

யாத்திரிகன் நடந்து சென்றான். இருப்புப்பாதை வருமுன் சோழநாட்டு வழிகளில் அவன் நம்பியிருந்தவை சத்திரங்களே. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் சேது வழியிலும் பிற வழிகளிலும் பல சத்திரங்களை நிறுவினர். ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் 1802-ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோசி மன்னரால் அமைக்கப்பெற்றது.

இச்சத்திரங்களின் முறையைப் பற்றிச் சரபோசி 1801-ஆம் ஆண்டில் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பிராமணர் முதல் பறையர் ஈறாக வழிப்போக்கர் அனைவர்க்கும் உணவு கொடுக்கப்படும் என்றும், சமைத்த சோறு உண்ணாதார்க்கு அரிசி அளக்கப்படும் என்றும் அதில் அவர் விளக்குகிறார். குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயுற்றார்க்கு மருத்துவர் உண்டு. வழியில் பிள்ளை பெற்ற தாய்க்குத் தக்க கவனிப்பு உண்டு. யாத்திரிகர் ஒருவர் அங்கே இறந்தால் அவரவர் முறைப்படி ஈமக்கடன் செய்யப்படும். திக்கற்ற பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கல்வி பெறுவர்.

எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர் என்று இதற்குப் பொருள் கொள்ளல் ஆகாது. ஆயினும் பசித்தவன் எவனாயினும் வழிச்செல்வோன் என்ற ஒரே காரணத்தால் சோறு பெறத் தகுதியுடையவன் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது பெரிய செய்தி. ஊரில் ஒருவன் யார் என்பதை அவன் பிறப்பு முடிவு செய்தது. வழியிலோ, அவன் யாத்திரிகன் என்பதே முதற்கண் கேட்கப்பட்டது. நடக்கும் நாள்வரை கிடைத்த இச்சிறு விடுதலைதான் யாத்திரை தந்த முதல் மீட்சி.

ஆனால் வழி கோயில் வாயிலில் முடிகிறது. அங்கே நிலைமை மாறியது. சத்திரத்தில் சோறு பெற்ற ஒருவனுக்குக் கோயில் வாயிலில் இடமில்லை. இம்முரண்பாட்டை நம் இலக்கியம் மறைக்கவில்லை. நந்தனார் வரலாறாக அதனை எடுத்துரைத்தது.

இரண்டு நூல்களில் ஒரு நந்தனார்

சுந்தரரின் திருத்தொண்டத்தொகை நந்தனாரைத் திருநாளைப்போவார் என்னும் பெயரால் மட்டும் சுட்டுகிறது. 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவர் வரலாற்றை விரித்துரைக்கிறது. மேற்காநாட்டு ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் அவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கிற்று. கொடுத்தவர் வெளியே நின்றார்.

தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏன் உடனே போகவில்லை? இவ்வினாவுக்குச் சேக்கிழார் தரும் விடை ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தரும் விடை மற்றொன்று. இவ்வேறுபாட்டை வகுப்பில் எடுத்துக்காட்டும் ஆசிரியர் சிலரே.

சேக்கிழாரின் நந்தனார்க்குத் தடை சொல்பவர் எவருமில்லை. ஊரார் பறைத்தொழிலுக்காக விட்ட மானிய நிலத்தின் வருவாயில் அவர் வாழ்கிறார். தம் குலத்துக்கு அஃது இசையாது என்ற நினைவே அவரைத் தடுக்கிறது. தடை அவர் உள்ளத்திலேயே குடிகொண்டிருக்கிறது. 1861-இல் அச்சேறிய பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலோ, நந்தனார் ஒரு வேதியரின் பண்ணையாள். ஆண்டையின் உத்தரவின்றி அவர் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது. நாற்பது வேலி நிலத்தையும் பயிரேற்றி அறுத்து முடித்தால் போகலாம் என்று ஆண்டை சொல்கிறார். ஓரிரவில் இறைவன் அருளால் பயிர் விளைந்து நிற்கிறது. அதனைக் கண்ட ஆண்டை அடிமையின் காலில் விழுகிறார்.

பெரியபுராணத்தில் இந்த வேதியர் இல்லை. பாரதியார் கதையைத் திரித்துவிட்டார் என்று குறைகூறியவர் உண்டு. ஆனால் அவர் வாழ்ந்தது மாயவரத்தை அடுத்த காவிரிப் பகுதியில். பண்ணையாளின் வாழ்வைக் கண்ணாரக் கண்டவர் அவர். அவர் படைத்த வேதியர் புராணத்தில் இல்லாவிடினும் வயலில் இருந்தார். தம் காலத்துச் சமுதாயத்தை அவர் பழைய கதையினுள் கொணர்ந்து வைத்தார் என்று கொள்வதே பொருந்தும்.

அடிமைக்கு நாளை இல்லை

அக்காலச் சட்டங்களை நோக்கினால் பாரதியார் மிகைப்படுத்தவில்லை என்பது புலனாகும். யாழ்ப்பாணத்தின் வழக்காறுகளை ஒல்லாந்தர் 1707-ஆம் ஆண்டில் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தனர். காணி, சீதனம், அடகு ஆகியவற்றோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் உண்டு. கோவியர், பள்ளர், நளவர் முதலியோர் அடிமை வகுப்பினராக அதில் எண்ணப்பட்டனர். நிலத்தையும் நகையையும் போல ஆளையும் சொத்தெனக் கருதிய வழக்கு அது. இலங்கையில் அடிமைமுறை 1844-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை என்ற உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. சட்டம் மாறிய பின்னும் கடனால் கட்டுண்ட பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான்.

யாத்திரைக்கு நாட்கள் வேண்டும். பத்து நாளோ ஒரு மாதமோ தன் விருப்பம்போல் செலவிடக் கூடியவனே யாத்திரிகன் ஆகலாம். அடிமையின் இன்றைய நாளும் நாளைய நாளும் ஆண்டைக்கு உரியவை. ஆகவே நாளைப் போவேன் என்று அவன் சொல்வது சோம்பலும் அன்று, ஐயமும் அன்று. தனக்குரியதல்லாத ஒரு நாளைத் தன்னுடையதென்று அவன் வாயாற் சொல்லிப் பார்க்கிறான். திருநாளைப்போவார் என்ற பெயரின் துயரம் இதில் அடங்கியுள்ளது.

யாழ்ப்பாணத்து வரலாற்றையும் இதனோடு சேர்த்து எண்ணுக. அயலார் ஆட்சியில் தம் கோயிலை இழந்தவர்கள் பட்ட துன்பம் மெய். அவர்களுள் ஒருவர் இரவோடிரவாகத் தில்லைக்குப் போக முடிந்தது. ஆனால் அதே ஊரில், அதே இரவில், தேசவழமை அடிமையென எண்ணிய ஒருவனுக்கு அந்தப் படகில் இடமிருந்திருக்குமா? அவனுக்குக் கோயில் இடிபடுமுன்னும் உள்ளே இடமில்லை. மீண்டும் கட்டியபின்னும் இடமில்லை. ஒருவர் இழந்ததை மற்றொருவர் பெற்றதே இல்லை. இதனை மறைத்து எழுதும் வரலாறு முழு வரலாறு ஆகாது.

ஒருவர் மட்டும் மீளுதல்

சேக்கிழார் கூறும் முடிவு யாவரும் அறிந்ததே. தில்லையின் எல்லையை நந்தனார் இரவும் பகலும் வலம் வருகிறார். இறைவன் கனவில் தோன்றி எரியில் மூழ்கி வருமாறு பணிக்கிறான். அந்தணர்க்கும் அவ்வாறே உணர்த்துகிறான். மதிற்புறத்தே தீ வளர்க்கப்படுகிறது. நந்தனார் அதனுட் புகுந்து, பூணூலும் சடையும் விளங்கும் முனிவராய் எழுந்து, உள்ளே சென்று மறைகிறார்.

இம்முடிவைப் பக்தியின் வெற்றி என்று ஒரு சாரார் கொள்வர். இழிவென்று கருதப்பட்ட உடலையே எரித்தாலன்றி வாயில் திறவாது என்ற கொடுமையின் சான்று என்று மற்றொரு சாரார் கொள்வர். இவ்விரு சாராரும் மறுக்க இயலாத ஒன்று உண்டு. நந்தனார் உள்ளே போனார். அவர் சேரி வெளியிலேயே இருந்தது. அவர்க்காகத் திறந்த வாயில் அவர் பின்னே மூடிக்கொண்டது.

இத்தகைய ஒருவர் மீட்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டு ரூவான் நகரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் ஏசுநாதர் விண்ணேற்றத் திருநாளன்று, அந்நகரப் பேராலயத்தின் குருமார் சிறையிலிருந்த குற்றவாளி ஒருவரைத் தேர்ந்து விடுதலை செய்வர். மரணத் தண்டனைக்குரியவராயினும் அவர் புனித ரோமான் என்பாரின் திருப்பேழையைச் சுமந்து ஊர்வலத்தில் வந்து, குற்றம் நீங்கிய குடிமகனாய் வீடு செல்வார். பல நூற்றாண்டுகள் நிலவிய இவ்வுரிமை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1790-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. மீண்டவர்க்கும் அவர் வீட்டார்க்கும் அஃது உயிர்ப்பிச்சையே. ஆனால் அடுத்த நாளும் சிறை இருந்தது, சட்டமும் இருந்தது. ஒருவரை விடுவிக்கும் அருள், மற்றவர் அடைபட்டிருப்பதை இயல்பென்று காட்டிவிடவும் கூடும்.

குளமும் பள்ளியும்

அப்படியானால் யாத்திரை சமுதாயத்தை மீட்டதே இல்லையா? மீட்டதுண்டு, சென்றவர் தமக்குப் பின் வருவோர்க்காக ஒன்றை விட்டுச் சென்றபோது மீட்டது. இங்கேதான் குளத்துக்குத் திரும்ப வருகிறோம்.

நந்தனார் தில்லைக்கு முன்னர்ச் சென்ற தலம் திருப்புன்கூர். வாயிலில் நின்ற அவர்க்குக் காட்சி மறையாதபடி நந்தி விலகிய செய்தியை எல்லாரும் கூறுவர். ஆனால் அவ்வூரில் அவர் ஒரு குளம் தோண்டினார் என்றும் சேக்கிழார் சொல்கிறார். இதனைப் பலர் கவனிப்பதில்லை. நந்தி விலகியது அருட்செயல். குளம் தோண்டியது நந்தனாரின் செயல். உள்ளே புக இடம்பெறாத ஒருவர், உள்ளே செல்வோர்க்கும் சேர்த்தே தண்ணீர் தந்தார். குளம் வெட்டிய விநாயகர் என்ற பெயருடன் ஒரு விநாயகர் அத்தலத்தில் வணங்கப்படுகிறார். நந்தனார்க்குத் துணையாக நின்று குளம் வெட்டியவர் அவரே என்பது தல மரபு. வாயில் காப்போர் செய்யாத உதவியை விநாயகர் செய்தார் என்று மக்கள் சொல்லி வைத்தனர். மக்கள் தீர்ப்பு எப்பக்கம் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

குளம் வெட்டும் வழக்கம் பின்னர்ப் பள்ளி கட்டும் வழக்கமாயிற்று. ஞானப்பிரகாசரின் மரபில் வந்தவர் என்று கூறப்படும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். தமிழ் உரைநடைக்கும் பதிப்புக்கும் அவர் செய்த தொண்டு அளவிறந்தது. எனினும் சாதி ஒழுக்கத்தை அவர் விட்டுக்கொடுத்தவர் அல்லர். ஆகவே அவர் திறந்த பள்ளியின் வாயிலும் ஓரளவே திறந்தது என்பதை, அவரிடத்துள்ள மதிப்புக் குன்றாமலே நாம் சொல்லலாம்.

எஞ்சிய பகுதியைத் திறந்தவர் சுவாமி சகஜானந்தர். ஆதிதிராவிடக் குடியிற் பிறந்து துறவு பூண்ட அவர், 1916-ஆம் ஆண்டில் அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவினார். நந்தனார் வந்து நின்ற ஊரில், அவர் இனத்துப் பிள்ளைகள் எரியிற் புகாமல் எழுத்தறிவு பெற்றனர். தீயினால் ஒருவர் பெற்ற மீட்சி, கல்வியினால் பலர்க்கு உரியதாயிற்று.

பின்னர் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1936-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேச அறிக்கை வெளியிட்டார். 1939 சூலைத் திங்களில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றனர். 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. இலங்கையில் 1957-ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடுமாறு சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று.

மாவிட்டபுரத்தின் பெயர்க் காரணத்தை இலங்கைத் தமிழர் அறிவர். மாருதப்புரவல்லி என்னும் சோழ இளவரசி குதிரை முகம் உடையவளாய் வருந்தி, யாத்திரையாகக் கடல் கடந்து வந்து, கீரிமலைத் தீர்த்தத்தில் மூழ்கி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்பது கதை. மா நீங்கிய இடம் மாவிட்டபுரம். ஒருத்தியின் இழிவு நீங்கியதன் நினைவாக எழுந்த தலத்தின் வாயிலில், பலர் தம் இழிவு நீங்கக் காத்து நின்றனர். கதையை நம்பியோர் அதன் பொருளை உணர்ந்திருப்பின் அக்காத்திருப்பு வேண்டியிருந்திராது.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழாசிரியர்கள் நந்தனார் வரலாற்றைக் கற்பிக்கும்போது மூன்று செய்திகளை மாணவர் முன் வைக்கலாம். ஒன்று, சேக்கிழாரின் நந்தனாரும் பாரதியாரின் நந்தனாரும் வேறுபடும் இடம். ஒரே கதையை இரண்டு காலங்கள் எவ்வாறு சொல்லின என்று அறிவதே இலக்கிய வரலாற்றுப் பயிற்சி. இரண்டு, நாளை என்ற சொல்லின் பொருள். நமக்கு விடுமுறை நாள் உண்டு. விடுப்பு எழுதிக் கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையற்ற ஒருவனுக்கு அச்சொல் என்ன பொருள் தந்திருக்கும் என்று பிள்ளைகளையே எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். மூன்று, திருப்புன்கூர்க் குளம். அற்புதத்தை மட்டும் சொல்லி அந்த உழைப்பைச் சொல்லாமல் விட்டால், நந்தனார்க்கு இன்னொரு முறை வாயிலை அடைத்தவர் ஆவோம்.

சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைக்குத் தில்லையும் திருப்புன்கூரும் தொலைவிலுள்ள பெயர்களே. ஆனால் காத்தோங்கில் குளக்கரையில் தொடங்கிய விநாயகர் கோயிலை அவன் கண்டிருக்கிறான். கடல் கடந்து வந்தவர்கள் தம்மோடு கொணர்ந்தவை எல்லாம் நல்லவை அல்ல. சாதியும் அவர்களுடன் கப்பலேறி வந்ததே. எனினும் தமக்குப் பின் வருவோர்க்கு ஓர் இடம் அமைத்துச் செல்லும் வழக்கத்தையும் அவர்கள் கொணர்ந்தனர். ஞானப்பிரகாசர் சிதம்பரத்தில் செய்ததும் அதுவே. நந்தனார் திருப்புன்கூரில் செய்ததும் அதுவே.

யாத்திரையின் பயனை அளப்பதற்கு ஒருவர் எத்தனை தலம் கண்டார் என்று கணக்கெடுப்பது வழக்கம். அவர் சென்ற பின் அந்த வழியில் எத்தனை பேர் தடையின்றி நடந்தனர் என்று கணக்கெடுப்பதே முறை. அக்கணக்கில் நந்தனார் வெட்டிய குளம், அவர் புகுந்த தீயைக் காட்டிலும் பெரிது.